ஒரே சைக்கிள் அணிக்கு 40 வருடத்தில் 11 பெயர் ஏன்?

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்க ஆரம்பித்ததே 2023-ல்தான். ஜம்போ-விஸ்மா அணி பிடித்துப்போய் அவர்கள் ஜெர்சி மாதிரியே ஒன்று வாங்கிப் போட்டேன். அடுத்த வருடம் பார்த்தால் அந்தப் பெயரே இல்லை, விஸ்மா-லீஸ் எ பைக் என்கிறார்கள். பழைய வரலாற்றைத் தேடினால் ராபோபேங்க், பெல்கின் என்று வேறு என்னென்னவோ வருகிறது. இது ஒரே அணியா, வேறு வேறா? சிஎஸ்கே மாதிரி ஏன் ஒரே பெயரில் இருக்க மாட்டேன் என்கிறார்கள்? நம்ம ஊர் கம்பெனி ஒன்று இப்படி ஒரு அணி நடத்த முடியுமா?"

ஒரே அணிதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். 1984-ல் நெதர்லாந்தில் ஆரம்பித்தது, ஒரு சீசன்கூட நிற்காமல் இன்று வரை ஓடுகிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைத் தலைகீழாகச் சொன்னால் உடனே பிடிபடும். காளீஸ்வரா மில், பங்கஜா மில் எல்லாம் மத்திய அரசின் என்.டி.சி. கைக்குப் போய் எத்தனையோ காலம் ஆச்சு, ஆனாலும் நாம் அந்தப் பழைய பெயரைச் சொல்லித்தான் வழி சொல்கிறோம். அங்கே மில் கைமாறியும் பெயர் நிற்கிறது. சைக்கிள் பந்தயத்தில் மில் அதேதான், வேலைக்காரர்களும் அவர்களேதான், வாசலில் இருக்கும் பெயர் மட்டும் சில வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

நான் அவிநாசி ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு சப்ளிமேஷன் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். சைக்கிள் கிளப், வாலிபால் டீம், பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே என்று ஜெர்சி அடிப்பதுதான் முழுநேர வேலை. அதனால் டிவியில் பந்தயம் ஓடும்போது என் கண் முதலில் ஜெர்சிக்குத்தான் போகும், எந்தப் பெயர் நெஞ்சில், எது காலரில், எது தொடைப்பக்கம், எவ்வளவு அகலம் என்று. ஒரு அணியின் வரவு செலவுக் கணக்கு மொத்தமும் அந்தத் துணியில்தான் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஐபிஎல்லில் டிவி உரிமையை விற்ற பணத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு அணிக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது, அதுபோக ஸ்டேடியத்தில் டிக்கெட் வசூல். அதனால் சென்னை என்ற ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு, ஸ்பான்சரைச் சட்டையில் மட்டும் போட்டுக்கொள்ள அவர்களால் முடிகிறது. ரோடு சைக்கிளிங்கில் இந்த இரண்டுமே கிடையாது. பந்தயம் போவது பொது ரோட்டில். நம்ம ஊரில் தேர் பார்க்க நிற்கிற மாதிரி, விடியற்காலையிலேயே சாப்பாடு கட்டிக்கொண்டு போய் மலைப்பாதையில் இடம் பிடிக்கிற லட்சக்கணக்கான பேரில் ஒருவரும் பத்துப் பைசா கட்டுவதில்லை. டூர் டி பிரான்ஸின் டிவி பணம் பந்தயத்தை நடத்தும் ஏ.எஸ்.ஓ. என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போகிறது, அதில் அணிகளுக்குப் பங்கு கிடையாது. பரிசுப் பணத்தை நம்பலாமா என்றால், மூன்று வாரம் உயிரைக் கொடுத்து ஓட்டி ஜெயிப்பவருக்கு 5 லட்சம் யூரோ. அதையும் அவர் தனியாக வைத்துக்கொள்ள மாட்டார், கூட ஓட்டியவர்களுக்கும் அணியில் வேலை செய்பவர்களுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். பெரிய அணி ஒன்றுக்கு ஆண்டுச் செலவோ 5 கோடி யூரோவைத் தாண்டுகிறது, ரூபாயில் ஏறக்குறைய 500 கோடி. இத்தனைக்கும் அவர்களிடம் விற்பதற்கு இருக்கிற ஒரே சரக்கு பெயர். அதனால் பெயரையே விற்றுவிடுகிறார்கள்.

இது ஆதியிலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1950-கள் வரை அணி என்றால் சைக்கிள் கம்பெனி வைப்பதுதான், பியாங்கி, லெனானோ என்று. போருக்குப் பிறகு இத்தாலியில் ஆட்கள் ஸ்கூட்டருக்கும் சின்னக் காருக்கும் மாறியதில் சைக்கிள் விற்பனை படுத்துவிட்டது, கம்பெனிகளால் அணி நடத்த முடியவில்லை. அப்போது ஃபியோரென்சோ மாக்னி என்ற வீரர் 1954-ல் சைக்கிளுக்குச் சம்பந்தமே இல்லாத நிவியா முகக்கிரீம் கம்பெனியைக் கூட்டிவந்தார். ஆம்பளைகள் வியர்த்து வழிகிற விளையாட்டுக்கு முகக்கிரீமா என்று எதிர்ப்பு வந்தது. அடுத்த வருடமே அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவை ஜெயித்தார். 1956 ஜிரோவில் விழுந்து காறை எலும்பு முறிந்தும் இறங்கவில்லை, ஹேண்டில்பாரில் டியூப் துண்டு ஒன்றைக் கட்டி, பல்லால் அதைக் கடித்து இழுத்துக்கொண்டே மலையேறினார். அந்தப் போட்டோ இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கை கொடுக்க முடியாததைப் பல் கொடுத்த மனிதர், சைக்கிள் கம்பெனியால் முடியாததற்கு வேறு வழி கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது உங்கள் அணிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அதன் தாய்வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1970-களில் பீட்டர் போஸ்ட் என்ற கறாரான நெதர்லாந்துக்காரர் நடத்திய அணிக்கு டிஐ-ராலே என்று பெயர். ராலே நாட்டிங்ஹாமின் சைக்கிள் கம்பெனி, நம்ம தாத்தாக்கள் ராலே சைக்கிள் என்று பெருமையாகச் சொன்னது அந்தப் பெயரைத்தான். முன்னால் இருக்கிற டிஐ என்ன? டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். 1949-ல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கிய அதே இங்கிலாந்துக் கம்பெனி. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸில் என் அப்பா நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு திரிந்த காலத்தில், அந்த இரண்டு எழுத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு யோப் சூடமெல்க் 1980-ல் டூர் டி பிரான்ஸை ஜெயித்திருக்கிறார். இது தெரிந்த அன்றைக்கு அந்தப் பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன்.

1983 முடிவில் அந்த அணி உடைந்தது. போஸ்டுக்கும் அவருடைய பெரிய வீரர் யான் ராஸுக்கும் ஒத்துவரவில்லை. போஸ்ட் ஒரு பக்கம் பானசோனிக்கைக் கூட்டிவந்து புது அணி போட, ராஸ் தன் கூட்டாளிகளோடு போய் 1984-ல் குவாண்டம் ஹாலன் என்ற பெயரில் ஆரம்பித்ததுதான் இன்றைக்கு நீங்கள் பார்க்கும் அணி. குவாண்டம் என்றதும் விஞ்ஞானம் என்று நினைக்காதீர்கள், திரைச்சீலையும் தரைவிரிப்பும் மலிவாக விற்கிற கடை. 1985-ல் சூடமெல்க் அந்தக் கடை அணியில் இருந்தபடி 38 வயதில் உலக சாம்பியன் ஆனார். 1987-ல் பெயர் சூப்பர்கான்ஃபெக்ஸ், அது ரெடிமேட் துணிக்கடை. அந்த வருடம் டூர் மேற்கு பெர்லினில் தொடங்கியது, முதல் நாளே அணியின் யெல்லே நெய்டாம் ஜெயித்து, மொத்தக் கணக்கில் முன்னிலையில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியைப் போட்டார், துணிக்கடையின் பெயரும் கூடவே ஏறியது.

மஞ்சள் ஜெர்சியைப் பற்றி என் தொழில்காரனாக ஒரு வார்த்தை. மேடையில் மாட்டிவிடும் ஜெர்சிக்கு ஜிப் முதுகுப்பக்கம் இருக்கும், முன்னாலிருந்து கையை நுழைத்துப் போட்டு பின்னால் இழுத்துவிடுவார்கள். நெஞ்சில் அந்த வீரருடைய ஸ்பான்சர் பெயரும் இருந்தாக வேண்டும். ஆனால் யார் முன்னிலை என்பது கோட்டைத் தாண்டும்வரை தெரியாதே. அதனால் எல்லா அணிகளின் லோகோவையும் தயாராக வைத்துக்கொண்டு, ஆள் முடிவானதும் ஹீட் பிரஸ்ஸில் வைத்து ஒட்டிக் கொடுக்கிறார்கள். ஸ்பான்சருக்கு இருக்கும் மரியாதை அவ்வளவு. இன்னொன்று, ஸ்பெயினில் லாட்டரி நடத்தும் பார்வையற்றோர் அமைப்பான ஓன்சேயின் அணி அந்தக் காலத்தில் வருடம் முழுக்க மஞ்சள் போட்டது, டூருக்கு மட்டும் முன்னிலையில் இருப்பவரின் ஜெர்சியோடு குழம்பக்கூடாது என்று ரோஸுக்கு மாறியது.

1990-ல் பெயர் பக்லர். ஹைனக்கென் கம்பெனியின் ஆல்கஹால் இல்லாத பீர் அது. சரக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1989 டிசம்பர் 31 இரவு, யூப் வான்ட் ஹெக் என்ற மேடை நகைச்சுவையாளர் டிவியில் ஊரே பார்க்கிற புத்தாண்டு நிகழ்ச்சியில் பக்லர் குடிக்கிறவர்களைப் போட்டுக் கிழித்துவிட்டார். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் அந்த பாட்டிலைக் கையில் எடுக்கவே ஆட்கள் கூச்சப்பட்டார்கள். மூன்று வருடம் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு அணி ஓட்டியது, ஜெயித்தது, ஆனால் சிரிப்புக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை. 1992-ஓடு ஸ்பான்சர் விலக, 1993-ல் அந்த பீரையே நெதர்லாந்துச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெர்சியில் பெயர் போட்டால் மட்டும் சரக்கு விற்றுவிடும் என்று நினைக்கிற முதலாளிகள் என்னிடம் ஆர்டர் கொடுக்க வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகத்துக்கு வரும்.

அடுத்து வேர்ட்பெர்ஃபெக்ட், பழைய டைப்பிங் சென்டர்களில் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நோவெல் கம்பெனி வாங்கியதால் 1995-ல் அணிக்கும் நோவெல் என்று பெயர். அவ்வளவுதான்.

1996-ல் வந்தது ராபோபேங்க். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வேளாண்மைக் கூட்டுறவு சங்கம் மாதிரி, விவசாயிகள் சேர்ந்து ஊருக்கு ஊர் தொடங்கிய கடன் சங்கங்கள் ஒன்றாகி வளர்ந்த வங்கி அது. நெதர்லாந்தில் சைக்கிள் ஓட்டாத வீடு கிடையாது, ஒவ்வொரு சின்ன ஊரிலும் அந்த வங்கிக்குக் கிளை. அதனால் அவர்கள் பெரிய அணிக்கு மட்டும் காசு கொடுக்காமல் சிறுவர் பந்தயம், வளரும் வீரர்களின் அணி, பெண்கள் அணி என்று கீழிருந்து மேல் வரை பிடித்துக்கொண்டார்கள். 17 சீசன். இந்த விளையாட்டில் ஒரு ஸ்பான்சர் 17 சீசன் நிற்பது அபூர்வம். எனக்குத் தெரிந்து ஸ்பான்சர் ஒருவர் செய்யக்கூடியதில் சரியான முறை அதுதான். டெனிஸ் மென்ஷோவ் 2007-ல் ஸ்பெயினின் பெரிய பந்தயமான வுவெல்டாவும் 2009-ல் ஜிரோவும் ஜெயித்தது அந்த ஜெர்சியில்தான்.

அதே ஜெர்சியில்தான் பெரிய அவமானமும் நடந்தது. 2007 டூரில் மைக்கேல் ராஸ்முஸன் மஞ்சள் ஜெர்சியில் இருந்தார், ஜூலை 25 அன்று ஓபிஸ்க் மலை உச்சியில் ஜெயித்தார், இன்னும் நாலே நாள் பாரிஸுக்கு. அன்று இரவே அணி அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஊக்கமருந்துச் சோதனைக்காரர்களுக்குத் தான் மெக்சிகோவில் இருப்பதாகச் சொல்லிவிட்டு இத்தாலியில் பயிற்சி எடுத்தது வெளிவந்துவிட்டது. மருந்து எடுத்ததைப் பல வருடம் கழித்து 2013-ல் அவரே ஒப்புக்கொண்டார். தன்னுடைய தலைவரைத் தானே பந்தயத்திலிருந்து இழுத்த அணி என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். வங்கி அதையும் தாங்கிக்கொண்டது. ஆனால் 2012 அக்டோபரில் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்து பற்றிய அமெரிக்க விசாரணை அறிக்கை வந்த சில நாட்களிலேயே, அக்டோபர் 19 அன்று, இந்த விளையாட்டு சுத்தமாகும் என்ற நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லிவிட்டு விலகியது.

விலகிய விதத்தில் ஒரு நேர்மை இருந்தது. ஒப்பந்தப்படி 2013-க்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுத்துவிட்டு, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் அணிக்கான ஆதரவும் 2016 வரை தொடர்ந்தது. ஆக 2013 ஜனவரியில் அணி ப்ளாங்கோ என்ற பெயரில் இறங்கியது. டச்சில் அதற்கு வெற்று, எழுதாதது என்று அர்த்தம்.

அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு வயிற்றைப் பிசையும். சில வருடம் முன்னால் கிராமத்து வாலிபால் டீம் ஒன்றுக்கு ஜெர்சி அடித்தேன். பக்கத்து ஊர் ஃபைனான்ஸ்காரர் ஒருவர் ஸ்பான்சர், நெஞ்சில் அவர் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள். மேட்ச்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கை விரித்துவிட்டார். சப்ளிமேஷனில் இங்க் ஆவியாகி பாலியெஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடும், 200 டிகிரி சூட்டில் உட்கார்ந்த நிறம், துவைத்தாலும் தேய்த்தாலும் வராது. 14 பீஸ். பையன்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக டெய்லர் அக்கா ஒருவரை வரச்சொல்லி, ஒவ்வொரு ஜெர்சியிலும் அந்தப் பெயர் மேல் வெள்ளைத் துணி வைத்துத் தைத்தோம். வெள்ளைப் பட்டையோடு அவர்கள் கோர்ட்டில் இறங்கியதைப் பார்த்தவனுக்கு, ப்ளாங்கோ அணியில் இருந்த மெக்கானிக்குக்கும் மசாஜ்காரருக்கும் அந்த ஆறு மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

2013 டூருக்குக் கொஞ்சம் முன்னால் அமெரிக்காவின் பெல்கின் வந்தது, கேபிளும் போன் உபகரணங்களும் செய்யும் கம்பெனி. அதுவும் 2014 முடிவில் போய்விட்டது. 2015-ல் டச்சு லாட்டரியும் ஜம்போ சூப்பர்மார்க்கெட்டும் சேர்ந்து லாட்டோஎன்எல்-ஜம்போ ஆனது. அப்போது பணமும் குறைவு, வெற்றியும் குறைவு. 2016 ஜிரோவில் ஸ்டீவன் க்ரூஸ்வைக், அங்கே முன்னிலைக்கு அடையாளமான ரோஸ் ஜெர்சியில் மூன்று நிமிடம் முன்னால் இருந்தவர், அன்யெல்லோ கணவாயிலிருந்து இறங்கும்போது ரோட்டோரப் பனிச்சுவரில் மோதித் தலைகுப்புறப் போனார். கிட்டத்தட்ட கையில் வந்த ஜிரோ போச்சு. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவில் இறங்கியவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவில் ஒரு நொடி தாமதமாக பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று.

அந்தக் காசில்லாத காலத்தில் அவர்கள் செய்ததுதான் இந்த அணியின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பெரிய பெயர்களை வாங்க வழியில்லை, ஆளைத் தேடினார்கள். ஸ்லோவேனியாவில் பனிச்சறுக்குத் தாவல் விளையாடிவிட்டு சைக்கிளுக்கு வந்த ப்ரிமோஷ் ரோக்லிச்சை 2016-ல் எடுத்தார்கள். டென்மார்க்கில் காலையில் மீன் ஆலையில் வேலை செய்துகொண்டே பயிற்சி எடுத்த யோனாஸ் விங்கெகார்டை 2019-ல் எடுத்தார்கள். அதே வருடம் நார்வேயின் விஸ்மா வந்து பெயர் ஜம்போ-விஸ்மா ஆனது, நம்ம ஊர் கடைகளில் டேலி ஓடுகிற மாதிரி கணக்கு, சம்பள சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனி. 2020 டூரில் கடைசிக்கு முந்தைய நாள் ரோக்லிச் மஞ்சள் ஜெர்சியை இன்னொரு ஸ்லோவேனிய வீரர் போகச்சாரிடம் இழந்து, மொத்தக் கணக்கில் 59 நொடியில் தோற்றதைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2022-லும் 2023-லும் விங்கெகார்ட் டூரை ஜெயித்தார். 2023-ல் ஜிரோ ரோக்லிச், டூர் விங்கெகார்ட், வுவெல்டா செப் குஸ். ஒரே வருடத்தில் மூன்று பெரிய பந்தயத்தையும் ஜெயித்த முதல் அணி, சரித்திரத்தில்.

அந்த வருடமேதான் ஜம்போ விலகப் போவதாகச் சொன்னது. யோசித்துப் பாருங்கள், மூன்றையும் ஜெயித்த அணி வீதியில் நின்றது. பெல்ஜியத்தின் சவுடால் க்விக்-ஸ்டெப்போடு இணைந்துவிடலாமா என்று பேச்சு நடந்து, அது முறிந்தது. கடைசியில் லீஸ் எ பைக் வந்தது. கம்பெனிகள் வழியாக வேலைக்காரர்களுக்கு மாதத் தவணையில் சைக்கிள் கொடுக்கும் தொழில். அதன் தாய் நிறுவனமான பொன் கையில்தான் அணி ஓட்டும் சர்வேலோ சைக்கிளும் இருக்கிறது. அதாவது மாக்னி காலத்தில் விட்டுப்போன சைக்கிள் வியாபாரமே திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. புதுப் பெயரில் 2025-ல் சைமன் யேட்ஸ் ஜிரோவையும் விங்கெகார்ட் வுவெல்டாவையும் ஜெயித்தார்கள். உங்கள் ரசிப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

அப்படியானால் பெயருக்கு அடியில் நிலைத்து நிற்பது எது என்று கேட்பீர்கள். பந்தய உரிமத்தை வைத்திருக்கும் நிர்வாகக் கம்பெனி, சைக்கிள்களும் வண்டிகளும் நிற்கும் ஒர்க்‌ஷாப், வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும் மேனேஜரும் மெக்கானிக்கும். 2013-ல் பொறுப்பேற்ற ரிச்சர்ட் ப்ளுக்கெ, ப்ளாங்கோ தொடங்கி ஐந்து பெயரைப் பார்த்திருக்கிறார். இது எல்லோருக்கும் கைகூடுவதில்லை. கேவண்டிஷ் என்ற புகழ்பெற்ற வீரர் இருந்த எச்டிசி-ஹைரோடு அந்தக் காலத்தில் அதிகம் ஜெயித்த அணி, ஸ்பான்சர் கிடைக்காமல் 2011-ஓடு மூடினார்கள். பாஸ்க் நாட்டு மக்கள் ஆரஞ்சு நிறத்தில் மலை மலையாகத் திரண்டு ஆதரித்த யூஸ்கால்டெல் 2013-ல் மூடியது. கார் பந்தய வீரர் அலோன்சோ வாங்குவதாகப் பேச்சு நடந்து, அதுவும் நடக்கவில்லை.

கடைசிக் கேள்வி, நம்ம ஊர் கம்பெனியால் முடியுமா. சைக்கிள் பந்தயத்தின் உச்சத் தட்டான வேர்ல்ட் டூரில் இருக்கும் 18 அணிகள் மாதிரி ஒன்று என்றால், வருடம் 500 கோடியை ரோட்டில் இறக்கும் தெம்பு இங்கே யாருக்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. ஆனால் ராபோபேங்க் கீழ்த்தட்டில் செய்தது இருக்கிறதே, அது முடியும். கோவையில் பாஸ்கெட்பாலுக்கு அப்படித்தான் மில்களும் பம்ப் கம்பெனிகளும் கை கொடுத்தன, கோப்பைகளின் பெயரைப் பார்த்தாலே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது என்னை விசில் அடித்துக்கொண்டே முந்திப் போகிற பையன்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அப்பா டையிங்கில் வேலை, ஓட்டுவது பழைய கியர் சைக்கிள், டயர் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். அவர்களுக்குத் தேவை நல்ல டயர், மாநிலப் போட்டிக்குப் போய்வர ரயில் செலவு, மூன்று வருடத்துக்கு ஓடிப்போகாத ஒரு ஆள். உங்கள் கம்பெனி முதலாளியிடம் பேசிப் பாருங்கள் தம்பி. ஆறு பேர் கொண்ட டீம் என்று அவர் ஒத்துக்கொண்டால் ஜெர்சியை நான் துணிக்காசு மட்டும் வாங்கிக்கொண்டு அடித்துத் தருகிறேன், பெயர் நெஞ்சில் எவ்வளவு அகலம் வேண்டுமென்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.